கைப்பேசி படிக்க மறுத்த பயிற்சித்தாள்

"டீச்சர், எங்க வீட்டுப் போன்ல எழுத்தைத் தொட்டா அதுவே படிச்சுக் காட்டுற மாதிரி பக்கத்து வீட்டுத் தம்பி செஞ்சு கொடுத்தான். பையனும் கதையெல்லாம் கேக்குறான். ஆனா நம்ம சின்ன டீச்சர் அனுப்புற பேப்பரை மட்டும் படிக்க மாட்டேங்குது. போன் கெட்டுப்போச்சா?"

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், மளிகைக் கடை வாசலில் என்னை நிறுத்தி ஒரு தாய் கேட்ட கேள்வி இது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. வாயால் கேட்டால் கணக்கைச் சட்டென்று சொல்லிவிடுவான். கதை சொன்னால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வான். எழுத்தை முன்னால் வைத்தால் மட்டும் தலை குனிந்துவிடும். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு இருக்கலாம் என்று நினைத்து மருத்துவப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். 'சின்ன டீச்சர்' என்று அந்தத் தாய் சொன்னது, பிராக்டிகம் என்று நாங்கள் அழைக்கும் கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வந்திருந்த பயிற்சி ஆசிரியையை. அவருக்கு வழிகாட்டி ஆசிரியர் நான்.

போனில் கோளாறு எதுவும் இல்லை. பயிற்சித்தாளை அவர் கணினியில் அழகாக வடிவமைத்திருந்தார். வண்ணப் பின்னணி, வளைந்த எழுத்து, ஓரத்தில் பூ. அதைப் படமாகச் சேமித்துப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். நம் கண்ணுக்கு அதில் எழுத்து தெரிகிறது. வாசித்துக் காட்டும் செயலிக்கு அது வெறும் படம். மாமரத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாலும் அதற்கு ஒன்றுதான். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இருக்கின்றன, தமிழையும் எடுக்கும். ஆனால் பூவுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் நெளிந்து நிற்கும் எழுத்தில் அவை தடுமாறிவிடும். அதே கேள்விகளைச் சாதாரணச் செய்தியாகத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால் அந்தப் பையன் வீட்டில் உட்கார்ந்து கேட்டுப் பதில் சொல்லியிருப்பான்.

மறுநாள் பயிற்சி ஆசிரியையிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "டெக்னாலஜி பாடத்துல எனக்கு ஏ டீச்சர்" என்றார். அவர் சாக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். பேசப் பேச விஷயம் தெளிந்தது. ஒரு பருவத்தில் அவர் காணொளி தயாரிக்கவும், இணையப் புதிர் போட்டி அமைக்கவும், கல்வி அமைச்சு 2020-ல் தொடங்கிய டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்தைப் பயன்படுத்தவும் கற்றிருக்கிறார். இன்னொரு பருவத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளின் வகைகளையும் ஒவ்வொரு வகையின் தன்மைகளையும் மனப்பாடம் செய்திருக்கிறார். தமிழ் இலக்கணமும் தமிழ் கற்பிக்கும் முறையும் வேறு ஒரு வகுப்பில். மூன்றிலும் நல்ல மதிப்பெண். மூன்றும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. எங்கள் மூன்றாம் ஆண்டுப் பையன் உட்கார்ந்திருப்பது சரியாக அந்த மூன்றும் சந்திக்க வேண்டிய இடத்தில்.

இது அந்த ஒருவரின் குறை என்று நான் நினைக்கவில்லை. ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று விளக்க, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புன்யா மிஷ்ராவும் மேத்யூ கோலரும் 2006-ல் ஒரு வரைபடம் தந்தார்கள். பாடப்பொருள், கற்பித்தல் முறை, தொழில்நுட்பம் என மூன்று வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும். ஆசிரியப் பயிற்சி பேசுகிறவர்கள் உலகம் முழுக்க இந்தப் படத்தைக் காட்டுவார்கள். நல்ல படம்தான். ஆனால் எந்தப் பிள்ளைக்கு என்ற கேள்வி அந்த வட்டங்களுக்குள் தானாக வந்து உட்காராது. யாராவது கேட்டால்தான் வரும்.

சாதாரண வகுப்பில்தான் அவர்கள் இருக்கிறார்கள்

சட்டத்தில் நாம் பின்தங்கியிருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-ல் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010-ல் ஏற்று உறுதி செய்தது. சிறப்புக் கல்வி விதிமுறைகள் 2013-ல் புதுப்பிக்கப்பட்டன. பிள்ளையின் தேவைக்கு ஏற்பக் கற்பிக்கும் முறையையும் நேரத்தையும் பாடத்துணைப் பொருளையும் மாற்றிக்கொள்ள அவை ஆசிரியருக்கு இடம் தருகின்றன. 2019 முதல், குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை நடப்பில் இருக்கிறது.

நடைமுறையில் மூன்று வழிகள். தனிச் சிறப்புப் பள்ளி ஒன்று. சாதாரணப் பள்ளிக்குள் தனி வகுப்பு வைத்து நடத்தும் ஒருங்கிணைந்த திட்டம் இன்னொன்று. பேச்சில் இதை பிபிகேஐ என்போம். மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிப்பது மூன்றாவது. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் சிலவற்றில்தான் பிபிகேஐ வகுப்பு இருக்கிறது. தோட்டப்புறப் பெற்றோருக்கு அது பெரும்பாலும் பட்டணத்துத் தேசியப் பள்ளியில், மலாய் மொழியில். தமிழா, சிறப்பு வகுப்பா என்று பிள்ளைக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. வேன் செலவு வேறு. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்து, அந்த ஒரு மொழியிலேயே பேசத் தடுமாறும் பிள்ளையைப் புதிய மொழிக்குள் கொண்டுபோய் விடுவது தாய்மாருக்கு மனம் வராத காரியம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் என்ன ஆகிறது? பிள்ளை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலேயே இருக்கிறது. பல நேரம் பரிசோதனையும் நடந்திருக்காது, மாற்றுத்திறனாளி அட்டையும் இருக்காது. 'மெதுவாகப் படிக்கிற பிள்ளை' என்ற பெயர் மட்டும் இருக்கும். நம் பள்ளிகள் சின்னவை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று காலனிக் காலத் தொழிலாளர் சட்டம் சொன்னதால் தோட்டத்துக்குத் தோட்டம் எழும்பியவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் தாமான் எனும் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தன. இன்று 150 பேருக்கும் குறைவான பிள்ளைகளோடு நடக்கும் தமிழ்ப்பள்ளிகள் ஏராளம். அங்கே சிறப்புக் கல்வி படித்த ஆசிரியர் தனியாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழ் சொல்லிக் கொடுக்க வருகிறவர்தான் இந்தப் பிள்ளைக்கும் ஆசிரியர். சிறப்புக் கல்விக்கென்றே சேராஸில் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் இல்மு காஸ் வளாகம் இருக்கிறது. அங்கே படித்தவர்கள் அந்தத் துறையில் தேர்ந்தவர்கள். என் கவலை மற்ற வளாகங்களில், மற்றப் பாடங்களைப் படிக்கிறவர்களைப் பற்றியது. நாடு முழுக்க 27 வளாகங்கள்.

கருவி கடைசியில்

எங்கள் பள்ளியில் இன்னொரு பிள்ளை. பெருமூளை வாதம். நடை தடுமாறும், பேச்சு வராது. ஆனால் கேட்பதெல்லாம் புரியும், சிரிப்பால் பாதிப் பதில் சொல்லிவிடுவாள். பயிற்சி ஆசிரியைக்கு அவள்மேல் தனிப் பிரியம். பேச இயலாதவர்களுக்கான செயலிகளைத் தேடிப் பார்த்திருக்கிறார். படத்தைத் தொட்டால் குரல் வரும் வகை. சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி தமிழிலும் பேசும் என்று கண்டுபிடித்து, தன் உதவிப் பணத்தில் பழைய டேப்லெட் ஒன்று வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

ஜாய் சபாலா என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதற்கு ஒரு வரிசை வகுத்திருக்கிறார். முதலில் மாணவர், அடுத்து அவர் இருக்கும் சூழல், பிறகு அங்கே அவர் செய்ய வேண்டிய வேலை, கடைசியில்தான் கருவி. எளிய வரிசை, ஆனால் பயிற்சி ஆசிரியர்கள் எல்லோருமே தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். கையில் ஒரு செயலி இருக்கும், அதற்கேற்ற பிள்ளையைத் தேடுவார்கள். தொழில்நுட்பப் பாடம் கருவி கருவியாகச் சொல்லித் தரப்படுவதால் வந்த பழக்கம் அது.

ஒரு வாரம் அவர் அந்தச் சிறுமியின் பின்னாலேயே நடந்தார். குறிப்பு எடுத்தார். வகுப்பில் அவளுக்குப் பெரிய சிக்கல் இல்லை. பக்கத்துத் தோழி கவனித்துக்கொள்கிறாள். சிக்கல் ஓய்வு நேரத்தில். 20 நிமிடம். கெண்டீனில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். இவள் சுட்டிக்காட்டுவது எது என்று கெண்டீன் அக்காவுக்குப் புரிவதற்குள் பின்னால் இருக்கிற பிள்ளைகள் முந்திவிடுவார்கள். தினமும் அவளுக்குக் கிடைப்பது அவள் கேட்காத மீ கோரெங். வெளிச்சத்தில் டேப்லெட் திரை தெரியாது. கை நடுக்கத்தில் விழுந்தால் உடையும். சார்ஜ் தீரலாம்.

எனவே முதல் கருவி ஒரு அட்டை. ஒன்பது படங்கள், லேமினேட் செய்து கழுத்தில் மாட்டும் நாடாவோடு. நாசி லெமாக், மீ, ரொட்டி, மைலோ, தண்ணீர், போதும், இன்னும் வேண்டும், வலிக்கிறது, கழிப்பறை. செலவு சில ரிங்கிட். அடுத்த நாள் அவளுக்கு நாசி லெமாக் கிடைத்தது. பேச இயலாதவர்களுக்கான தொடர்புமுறை என்று பெரிய பெயர் இருந்தாலும், அதன் முதல் படி காகிதம்தான் என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே கையால் செய்து பார்த்தவர், பின்னாளில் டேப்லெட் கிடைத்தாலும் அதைச் சரியாகப் பயன்படுத்துவார். டேப்லெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது படத்தில் ஒரு பிள்ளையின் மனம் அடங்காது. அவள் பத்தாவது சொல்லைத் தேடும்போது செயலியின் தேவை வரும். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 250 கோடிக்கும் அதிகமானோருக்கு ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவை. சில ஏழை நாடுகளில் தேவைப்படுவோரில் 3 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது. நாம் அவ்வளவு ஏழை நாடில்லை. ஆனால் கருவி வந்துசேரும் வரை காத்திருந்து பிள்ளையின் ஒரு வருடத்தை வீணாக்குவதும் சரியில்லை.

தமிழ் என்று வரும்போது

உதவித் தொழில்நுட்பம் பற்றிப் பயிற்சிக் கழகத்தில் ஏதாவது சொல்லிக் கொடுத்தாலும், எடுத்துக்காட்டுகள் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். தமிழில் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று தமிழ்ப் பயிற்சி ஆசிரியருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலாவது எழுத்துரு. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டி வைத்தவை. பாமினி என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதை அப்படியே படிக்கும். கேட்கிற பிள்ளைக்கு என்ன புரியும்? யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. அதில் தட்டச்சு செய்த பாடத்தை எந்தக் கைப்பேசியும் வாசிக்கும், பெரிதாக்கும், பிரெயிலுக்கு மாற்றும். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் செல்லினமும் நம் வீட்டிலேயே பிறந்த கருவிகள். தமிழில் தட்டச்சு செய்ய முடியவில்லை என்ற சாக்கு நமக்குப் பொருந்தாது. இருந்தும் ஆசிரியர்களுக்குள் கைமாறும் பயிற்சித்தாள்களில் பழைய எழுத்துருவில் உள்ளவை இன்னும் சுற்றுகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடத்தைப் பயிற்சிக் காலத்தில் ஒரு தடவை செய்ய வைத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது, மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. க-வுக்கும் க்-குக்கும் நடுவில் ஒரு புள்ளிதான். ஓலைச்சுவடி காலத்தில் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமல் எழுதினார்கள். படிக்கிறவர் சூழலை வைத்து ஊகித்துக்கொண்டார், அவர் தேர்ந்த புலவர். பார்வை மங்கிய எட்டு வயதுப் பிள்ளைக்கு 12 அளவு எழுத்தில் அந்தப் புள்ளி காணாமல் போகிறது. 'கல்' அவளுக்குக் 'கல' ஆகிறது. படிக்கத் தெரியவில்லை என்று நாம் முடிவு கட்டுகிறோம். எழுத்தை 24-க்கு உயர்த்தி, வரிகளுக்கு இடையே இடம் விட்டு, மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்துப் போன்ற விளையாட்டுகளை விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பெரிதாக்கிப் பார்க்கக் கைப்பேசியின் கேமராவே போதும். முழுமையாகப் பார்வை இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பிரெயில் இருக்கிறது. அச்சில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும். பிரெயிலில் மெய் முதலில், உயிர் பின்னால். நாம் ஒலிக்கும் வரிசை அதுதான். தமிழ் இலக்கணம் படித்த பயிற்சி ஆசிரியருக்கு இது ஒரே வகுப்பில் பிடிபடும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் நெருக்கமானது: பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும். சிறுமியின் அட்டையில் பயிற்சி ஆசிரியை முதலில் 'கழிப்பறை' என்று எழுதியிருந்தார். எங்கள் பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'டண்டாஸ்' என்பார்கள். நாளை அந்தப் படத்தைத் தொட்டால் டேப்லெட் "நான் கழிப்பறைக்குச் செல்ல விரும்புகிறேன்" என்று பேசினால், திடலில் நிற்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளுக்குக் குரல் கிடைத்தும் அது அவள் குரலாக இருக்காது. "டீச்சர், டண்டாஸ் போகணும்" என்றுதான் அது பேச வேண்டும். சுத்தத் தமிழ் கற்பிக்க வந்த நாம் இதற்கு ஒத்துக்கொள்ளலாமா என்று பள்ளியில் ஒரு விவாதமே நடந்தது. என் நிலைப்பாடு இது: கட்டுரை எழுதும் நேரத்தில் கழிப்பறை என்று சொல்லிக் கொடுப்போம், அவசரத்துக்கு அவளுடைய வீட்டுச் சொல் இருக்கட்டும். கடைசியில் அட்டையின் சொற்களை வகுப்புத் தோழிகளே முடிவு செய்தார்கள். பத்தாவது படத்தையும் அவர்கள்தான் வரைந்து ஒட்டினார்கள், 'வெளாட வா' என்று.

இதே சிக்கல் குரல்வழித் தட்டச்சில் வேறு விதமாக வருகிறது. கூகுள் 2017-ல் தமிழுக்கு அந்த வசதியைத் தந்தது. எழுதத் திணறும் பிள்ளை வாயால் சொன்னால் திரையில் எழுத்து வரும். ஆனால் பிள்ளை "அம்மா கடைக்குப் போயிட்டாங்க" என்று சொல்லும். திரையில் அதுவே வரும். விடைத்தாளைத் திருத்துகிற ஆசிரியர் 'போய்விட்டார்' எங்கே என்று கேட்பார். அப்படியானால் குரல்வழித் தட்டச்சை முதல் வரைவாக எடுத்துக்கொண்டு, அதை எழுத்து வழக்குக்கு மாற்றுவதைத் தனிப் பயிற்சியாக வைக்கலாம். கருத்து ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது, மீதி மொழிவேலை. பேச்சு தெளிவில்லாத பிள்ளைகளின் குரலை இந்தச் செயலிகள் தடுமாறித்தான் புரிந்துகொள்ளும் என்பதையும் பயிற்சி ஆசிரியர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பின் நடுவில் அந்தப் பிள்ளை இரண்டாம் முறை தோற்றுப்போகும்.

காது கேளாத பிள்ளைகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தனிப் பள்ளிகளுக்குப் போய்விடுகிறார்கள். 2008 சட்டம் ஏற்றுக்கொண்ட மலேசியச் சைகை மொழியும் மலாயும் அங்கே. நம் வகுப்பில் இருப்பது காதுக்கருவி போட்ட ஒன்றிரண்டு பேர். அவர்களுக்கு முதல் உதவி, பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுவது.

"போன் படிச்சா பிள்ளை எப்படிப் படிக்கும்?"

ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. நியாயமான கேள்வி. சபாலாவின் மூன்றாம் சொல்லான 'வேலை' இங்கே உதவும். இப்போது அந்தப் பையன் செய்ய வேண்டிய வேலை என்ன? அறிவியல் பாடத்தில் செடி எப்படித் தண்ணீர் உறிஞ்சுகிறது என்று தெரிந்துகொள்வதா? அப்படியானால் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டால் அந்த வேலை முடிந்தது. தமிழ் வாசிப்புப் பாடத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பதா? அப்படியானால் போன் தனியாகப் படிக்கக் கூடாது. சொல் சொல்லாக நிறம் மாற, குரலும் கண்ணும் சேர்ந்து போக வேண்டும், மெதுவான வேகத்தில். அதோடு ல, ள, ழ, அப்புறம் ர, ற என்று தடுமாறும் இடங்களில் மணலில் எழுதுவதும் விரலால் தடவுவதும் தொடரத்தான் வேண்டும். 247 எழுத்துத் தமிழோடு மலாய்க்கும் ஆங்கிலத்துக்குமான ரோமன் எழுத்தையும் ஒரே நேரத்தில் சுமக்கிற பிள்ளை அது. வாசிப்பு வருவதற்கு இரண்டு வருடம் ஆகலாம். அந்த இரண்டு வருடமும் அறிவியலும் வரலாறும் அவனுக்கு இல்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

நம் முன்னோர் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம் காதால் கேட்டு வாயால் சொன்னதுதான். ஆறாம் ஆண்டில் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ல் நீக்கப்பட்ட பிறகு வகுப்புசார் மதிப்பீட்டில் வாய்மொழிப் பதிலுக்கு நல்ல இடம் இருக்கிறது. அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கு நூல்களை வேறு வடிவில் தருவதை எளிதாக்கும் மராகேஷ் உடன்படிக்கையில் மலேசியா 2022-ல் சேர்ந்தது. டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும் அதில் அடக்கம். ஆக, இது குறுக்குவழி என்ற குற்ற உணர்வு பயிற்சி ஆசிரியருக்குத் தேவையில்லை.

பயிற்சியில் எதை மாற்றலாம்

புதிதாக ஒரு பாடம் சேர்க்கச் சொல்லவில்லை. நாலாண்டுப் பட்டப் படிப்பில் ஏற்கெனவே நெரிசல். இருக்கிற பாடங்களின் வேலைகளை மாற்றினால் போதும். தொழில்நுட்பப் பாடத்தில் மாணவர் ஒப்படைக்கும் பயிற்சித்தாள் ஒவ்வொன்றையும், திரையை அணைத்துவிட்டு, வாசிப்பான் படிக்கக் கேட்ட பிறகே மதிப்பெண் போடலாம். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், விண்டோஸ் கணினியில் இணையம் இல்லாமலும் ஓடும், தமிழும் படிக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் முன்பே இருக்கிறது. விலை கொடுத்து வாங்க எதுவும் இல்லை.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்க வைக்கும் பயிற்சிகளில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பார்வை போன முதல் மணி நேரத்தின் பயத்தை மட்டுமே அது காட்டும். இருபது வருடம் அப்படி வாழ்ந்து பழகியவரின் திறமையை அது காட்டாது. அதைவிட, 1951-ல் தொடங்கப்பட்டு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தைச் சுற்றி நாம் பார்க்கிற மனிதர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்து, அவர் கைப்பேசியை எந்த வேகத்தில் கேட்கிறார் என்று காட்டச் சொன்னால் மாணவர்கள் வாயடைத்துப் போவார்கள். நமக்கெல்லாம் இரைச்சலாகக் கேட்கும் வேகம் அது. கற்பிக்க வேண்டியவர் அவர்தான்.

பிராக்டிகம் மேற்பார்வையில் இன்னொரு மாற்றம் வேண்டும். விரிவுரையாளர் வந்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்க்கும்போது, தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டதா என்று பார்க்கிறார். திரையில் காணொளி ஓடினால் அந்தக் கட்டம் நிரம்பிவிடும். அந்தப் பாடத்துக்குள் வர முடியாமல் வெளியே நின்ற பிள்ளை யார் என்று கேட்டால் பயிற்சி ஆசிரியரின் தயாரிப்பே வேறு மாதிரி ஆகிவிடும். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதானே உழைப்பும் போகும். வழிகாட்டி ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பயிற்சி தேவை. திரைவாசிப்பான் பற்றி நான் கற்றது நாற்பது வயதுக்குப் பிறகு, ஒரு மாணவனின் அண்ணனிடம்.

வளாகம் தூரம் என்ற பேச்சும் எங்கள் ஊருக்குப் பொருந்தாது. ஈப்போ ஆசிரியர் பயிற்சிக் கழக வளாகம் உலு கிந்தாவில், எங்களிடமிருந்து ஈப்போ போகும் பக்கம்தான். பிராக்டிகம் வரை காத்திருக்காமல், முதலாம் ஆண்டிலிருந்தே மாதம் ஒரு நாள் ஒரே பிள்ளையைப் பார்க்க வந்தால், நாலு வருடத்தில் அந்தப் பிள்ளை வளர்வதையும் கருவி மாறுவதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

அப்படி வருகிறவர்கள் வீட்டுக்கும் போக வேண்டும் என்பேன். அந்தத் தாய் கேள்வி கேட்ட வாரத்தில் நானும் பயிற்சி ஆசிரியையும் அவர் வீட்டுக்குப் போனோம். பயிற்சித்தாள் தட்டச்சு செய்யப்பட்டு, செய்தியாகப் போயிருந்தது. போன்தான் வீட்டில் இல்லை. அப்பாவின் போன் அது; காலை ஆறு மணிக்கு அவரோடு வேலைக்குப் போய் இரவு எட்டுக்குத்தான் திரும்புகிறது. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பையன் களைத்துத் தூங்கும் நேரத்தில் அவன் பாடம் வீடு வந்து சேர்கிறது. பயிற்சி ஆசிரியை நோட்டில் 'சூழல்' என்ற தலைப்பின் கீழ் இதை எழுதிக்கொண்டார்.

மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் எங்களுடையது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டமே வாங்கிக் காட்டினார். அதை நினைவுபடுத்தித்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன்: வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன்களைப் பள்ளிக்குக் கொடுங்கள், சிம் வேண்டாம். தமிழ்க் குரலைப் பள்ளி இணையத்தில் முன்பே இறக்கி வைத்துவிட்டால், பிறகு டேட்டா இல்லாமலே வாசிக்கும். பாடத்தை வெள்ளிக்கிழமை ஏற்றிக் கொடுத்துத் திங்கள்கிழமை வாங்கிக்கொள்ளலாம், நூலகப் புத்தகம் மாதிரி.

இதுவரை நாலு போன்கள் வந்திருக்கின்றன. ஒன்று அந்தப் பையனிடம். இரண்டு நாலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம். நாலாவதற்குத் திரை கீறியிருக்கிறது, ஆனால் ஒலி நன்றாக வருகிறது. அதில் எழுத்தைப் பெரிதாக்கி, தமிழ்க் குரலை ஏற்றி வைக்கும் வேலையை அடுத்த பிராக்டிகத்துக்கு வருகிறவரின் முதல் நாளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம்.